பழைய வார்ப்பிரும்பும் வீட்டுப் பட்டறையும்

மரவேலையை விருப்பத் தொழிலாகக் கொண்ட ஒருவர் வீட்டில் பட்டறை அமைக்க முற்படும்போது, அவர்முன் நிற்கும் கேள்வி எளியதாகவே தோன்றும். 1930களில் லெஸ்டரிலோ மில்வாக்கியிலோ வார்க்கப்பட்டு, இன்று துருவேறிக் கிடக்கும் மேசை ரம்பத்தை வாங்கிச் செப்பனிடுவதா? தைவானிலிருந்து பெட்டியில் வந்திறங்கும் புதியதை வாங்குவதா? அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பல பத்தாண்டுகளாக நடந்துவரும் இவ்வாதம் இப்போது பெங்களூரிலும் புனேயிலும் கேட்கத் தொடங்கியிருக்கிறது. பெரும்பாலும் அது விலைக் கணக்காக முடிகிறது; இல்லையேல் ‘அந்தக் காலத்துச் சரக்கே சரக்கு’ என்ற பெருமூச்சாக முடிகிறது. பழைய இயந்திரம் ஏன் அவ்வளவு கனமாக இருக்கிறது, ஏன் அவ்வளவு மலிவாகக் கிடைத்தது, முதலில் யாருக்காகப் படைக்கப்பட்டது என்ற வினாக்களை எழுப்புவோர் குறைவு. அவற்றுக்கான விடைகள் அனைத்தும் அந்தப் பெருமூச்சுக்கு ஆதரவானவை அல்ல.

மரவேலை இயந்திரத்தின் வரலாறு ஒரு தத்துவஞானியின் வீட்டோடு தொடர்புடையது. பயன்வழிக் கோட்பாட்டின் தந்தையான ஜெரமி பெந்தமின் தம்பி சாமுவேல் பெந்தம் கப்பற்கலை வல்லுநர். 1791இலும் 1793இலும் அவர் பெற்ற காப்புரிமைகளில் இழைத்தல், அறுத்தல், துளையிடுதல், வார்ப்பு வடிவமாகச் செதுக்குதல் என மரத்தின்மீது செய்யத்தக்க ஏறத்தாழ எல்லாச் செயல்களும் இயந்திர வடிவில் வரையறுக்கப்பட்டன. இவ்வியந்திரங்களை இயக்கப்போகிறவர்களாக அண்ணனும் தம்பியும் முதலில் எண்ணியது தச்சர்களை அன்று. ஜெரமி கனவுகண்ட ‘பனாப்டிகான்’ என்னும் கண்காணிப்புச் சிறையின் கைதிகளையே அவர்கள் மனத்தில் கொண்டிருந்தனர். கைத்திறன் அற்றவனும் செம்மையாக வேலை முடிக்க வேண்டும் என்பதே அவ்வியந்திரங்களின் பிறப்பிலக்கணம். இன்று அவற்றின் வழித்தோன்றல்களைக் கைவினைத் திறனின் சின்னங்களாகப் போற்றுவோர் இந்தத் தொடக்கத்தை நினைவில் கொள்வது நல்லது.

சிறை எழும்பவில்லை, ஆனால் கப்பல்தளம் எழும்பியது. பாய்க்கப்பல் ஒன்றுக்கு ஏறத்தாழ ஆயிரம் மரக் கப்பிகள் வேண்டும். பிரெஞ்சுப் போர்களின் காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆண்டுதோறும் ஒரு லட்சம் கப்பிகள் தேவைப்பட்டன. பிரான்சிலிருந்து தப்பி வந்த மார்க் பிரூனல் வகுத்த திட்டத்தை, ஹென்றி மாட்ஸ்லி என்னும் உலோக வினைஞர் 45 இயந்திரங்களாக வடித்துக் கொடுத்தார். போர்ட்ஸ்மத் துறையில் 1800களின் முதற்பத்தாண்டுக்குள் அவை முழுமையாக இயங்கின. 1808இல் ஆண்டு உற்பத்தி 1,30,000 கப்பிகளை எட்டியது. திறன்மிக்க 110 பேர் செய்த வேலையைப் பயிற்சியற்ற 10 பேர் செய்தனர் என்பது வரலாற்று நூல்கள் விடாமல் மேற்கோள் காட்டும் கணக்கு. எஞ்சிய 100 கப்பித் தச்சர்கள் என்ன ஆனார்கள் என்பதை அதே நூல்கள் அதே அக்கறையுடன் சொல்வதில்லை.

போர்ட்ஸ்மத்தின் உண்மையான புதுமை வேகம் மட்டுமன்று. அக்காலத்து இயந்திரங்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மீது நின்றவை. ஈரத்தில் உப்பி, வெயிலில் சுருங்கி, அதிர்வில் தளர்ந்துபோகும் சட்டம் அது. மாட்ஸ்லி சட்டத்தையும் இரும்பாலேயே அமைத்தார். விளைவு, அவ்வியந்திரங்களுட் சில 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை வேலை செய்தன. சில இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ‘பழைய இரும்பு சாகாது’ என்ற நம்பிக்கைக்கு இதைவிடச் சிறந்த சான்று இல்லை. அதே சமயம் ஒன்றையும் கூட்டிச் சொல்ல வேண்டும்: சாகாதவற்றை மட்டுமே நாம் காண்கிறோம். மரச்சட்டத்தில் நின்ற ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் விறகாகவும் துருவாகவும் போய்விட்டன. எஞ்சியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு காலம் முழுவதையும் மதிப்பிடுவது, எண்பது வயது கடந்த பாட்டியைக் காட்டி அக்காலத்தில் எல்லோரும் நீண்ட ஆயுளுடன் வாழ்ந்தார்கள் என்று வாதிடுவதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவில் கதை வேறு வகையாக நடந்தது. வில்லியம் உட்வொர்த் என்பவர் 1828இல் இழைப்பு இயந்திரத்துக்குப் பெற்ற காப்புரிமை இருமுறை நீட்டிக்கப்பட்டு 1856 வரை உயிரோடிருந்தது. பலகையை எந்திரத்தால் இழைக்க விரும்பிய ஒவ்வோர் ஆலையும் அதன் உரிமையாளர்களுக்குக் கப்பம் கட்ட நேர்ந்தது. அந்தத் தடை நீங்கிய பிறகே சின்சினாட்டி போன்ற நகரங்களில் மரவேலை இயந்திரத் தொழில் கட்டவிழ்ந்து வளர்ந்தது. மேசை நாற்காலிகளுக்குப் பேர்பெற்ற கிராண்ட் ராப்பிட்ஸில் ஆலிவர் நிறுவனமும், இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 1897இல் வாட்கின் நிறுவனமும் தோன்றின. இன்று செப்பனிடுவோர் தேடித்திரியும் பெயர்கள் இவையே.

இவ்வியந்திரங்களின் கனத்துக்குக் காரணம் கௌரவம் அன்று, தொழிற்சாலையின் அமைப்பு. கூரையோரம் ஒரு நீண்ட இரும்புத் தண்டு சுழலும். அதிலிருந்து தோல்வார்கள் இறங்கி ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றும். ஒரு நாளைக்குப் பத்து மணிநேரம், வாரத்துக்கு ஆறு நாள், பல ஆண்டுகள் அப்படியே ஓட வேண்டும். அதிர்வை விழுங்கிக்கொள்ளும் வார்ப்பிரும்பே அதற்கு ஏற்றது. வார்ப்பிரும்பின் உள்ளே கிராஃபைட் செதில்கள் பரவியிருப்பதால் அது அதிர்வைத் தணிக்கிறது. மடித்த தகடு அதே அதிர்வை வாங்கி முரசுபோல் ஒலிக்கிறது. பழைய மேசை ரம்பத்தின் அருகே நின்றவர் உணரும் அமைதி மனமயக்கம் அன்று, உலோகத்தின் இயல்பு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணிநேரம் மட்டும் ஓடும் வீட்டு ரம்பத்துக்கு ஆலையின் உடற்கட்டு எவ்வளவு தேவை என்பது தனிக்கேள்வி.

அச்சுத்தண்டு எதன்மீது சுழல்கிறது என்பதில்தான் செப்பனிடுவோரின் பொறுமை சோதிக்கப்படுகிறது. 1839இல் பாஸ்டனைச் சேர்ந்த ஐசக் பாபிட், வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் கலந்த மென்மையான உலோகத்தைத் தாங்கியின் உள்பூச்சாக வார்க்கும் முறையைக் கண்டார். அமெரிக்கக் காங்கிரஸ் அவருக்கு 20,000 டாலர் வழங்கியது. பேரிங் குண்டுகள் பரவலாவதற்கு முன் உலகின் ரயில்களும் ஆலைகளும் இந்த உலோகத்தின்மீதுதான் சுழன்றன. அவர் பெயர் ஆங்கிலத்தில் பொதுப்பெயராயிற்று, பிறகு வினைச்சொல்லும் ஆயிற்று. நம் பட்டறைகளில் மனிதர் மறைந்துபோனார். ‘ஒயிட் மெட்டல்’ என்ற நிறம் மட்டுமே பெயராக நின்றது.

அதை மீண்டும் வார்ப்பது தேர்ந்த கைக்கு ஒரு நாள் வேலை. புதிய கைக்குப் பல நாள் வேலை. பழைய உலோகத்தை உருக்கி வடித்தெடுத்து, தண்டை அதன் இடத்தில் மயிரிழை பிசகாமல் நிறுத்தி, விளக்குப் புகையால் கரிபூசி, இரும்பைச் சூடேற்றி, உருகிய உலோகத்தை ஒரே வீச்சில் ஊற்ற வேண்டும். தயங்கினால் அடுக்கடுக்காக உறைந்துவிடும். ஈரம் ஒரு துளி இருந்தாலும் நீராவி உலோகத்தைத் தெறிக்கவைத்து முகத்தைச் சுடும். உலோகம் பதமான சூட்டில் இருக்கிறதா என்று அறிய, பழைய வினைஞர்கள் பைன் மரக்குச்சி ஒன்றை அதில் தோய்த்துப் பார்ப்பார்கள். குச்சி தீப்பற்றாமல் கருகினால் பதம். இந்த அறிவு முன்பு ஒவ்வோர் ஆலையிலும் இருந்தது. இன்று விருப்பப் பணியாளர்கள் சிலரிடம் எஞ்சியிருக்கிறது. செப்பனிடுதல் வெறும் துரு நீக்கம் அன்று என்று சொல்லத் தகுந்த இடம் இதுவே.

இதற்கு நேர்மாறாக, 1930களுக்குப் பிந்தைய பல இயந்திரங்கள் குண்டு பேரிங்குகளோடு வந்தவை. பேரிங்கின் அளவுகள் உலகப் பொதுவாயின. தொண்ணூறு ஆண்டு பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய பேரிங்கின்மேல் 6203 என்று பொறித்திருந்தால், அதே எண்ணைச் சொல்லி எந்த ஊர்க் கடையிலும் புதியதை வாங்கிவிடலாம். இருபது ஆண்டு பழைய இயந்திரத்தின் மின்னணுப் பலகை பழுதானால் அந்த வசதி இல்லை.

இனி, ஏக்கத்துக்கு எதிரான சான்று. கையால் பலகையைத் தள்ளி இழைக்கும் இயந்திரங்களில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை கத்திகள் சதுரத் தண்டில் பூட்டப்பட்டிருந்தன. சதுரத்தின் மூலைகள் சுழல வேண்டுமாதலால் மேசையின் இரு பலகைகளுக்கும் நடுவே அகன்ற இடைவெளி தேவைப்பட்டது. கை வழுக்கினால் விரல் நுனி மட்டும் தப்புவதில்லை. விரல்கள் முழுவதுமே அந்த வாய்க்குள் இழுக்கப்பட்டன. உருளை வடிவத் தண்டு வந்தபின் இடைவெளி சுருங்கியது. காயம் ஏற்பட்டாலும் அதன் ஆழம் குறைந்தது. பிரிட்டன் 1922இல் மரவேலை இயந்திர விதிகளை இயற்றியபோது, கையால் இழைக்கும் இயந்திரங்களுக்கு உருளைத் தண்டையே கட்டாயமாக்கியது. வட்ட ரம்பத்தின் பின்னே, அறுபட்ட பிளவு மீண்டும் மூடிக்கொள்ளாதபடி காக்கும் பிளவுத் தகட்டையும் வலியுறுத்தியது. அந்தத் தகடு இல்லாதபோது மரம் ரம்பத்தின் பின்பற்களைக் கவ்வி, தள்ளுகிறவரின் வயிற்றை நோக்கித் திரும்பிப் பாயும். அமெரிக்கா இதில் விந்தையான அளவுக்குத் தாமதித்தது. அங்கே புதிய வடிவமைப்புகளுக்குப் பிளவுத் தகடு தரநிர்ணய நிபந்தனையானது 2008க்குப் பிறகுதான். ஆகவே அழகான பழைய அமெரிக்க ரம்பம் பெரும்பாலும் இந்தக் காவல் அற்றது.

வீட்டுப் பட்டறை என்ற கருத்துக்கு உருக்கொடுத்தவர்களுள் ஹெர்பர்ட் டாட்ஸ் முக்கியமானவர். மில்வாக்கியில் 1919இல் அவர் தொடங்கிய டெல்டா நிறுவனம், மின்மோட்டார் வீட்டுக்குள் நுழைந்த காலத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. கூரைத்தண்டும் தோல்வாரும் தேவையில்லை; கொட்டகையில் ஒரு மோட்டார் போதும். 1930களின் பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களும் வேலைநேரம் குறைக்கப்பட்டவர்களும் வீட்டில் மரவேலை செய்தனர். சிறிய, ஆனால் வார்ப்பிரும்பாலான இயந்திரங்கள் அவர்களுக்கு விற்கப்பட்டன. 1939இல் அதே நிறுவனம் வெளியிட்ட ‘யூனிசா’வில் மேசை சாய்வதற்குப் பதிலாக ரம்பமே சாய்ந்தது. அந்த வடிவம் ஏறத்தாழ 70 ஆண்டுகள் பெரிய மாற்றமின்றி நீடித்தது. போருக்குப் பின், 1947இல், ஒரே சட்டத்தில் ரம்பமும் கடைசலும் துளையிடுதலும் அடங்கிய ‘ஷாப்ஸ்மித்’ வந்தது. ஒரு கார் நிற்கும் இடத்தில் ஒரு பட்டறை என்ற கற்பனைக்கு அது முழு உருவம் தந்தது.

பழைய கனரக இயந்திரங்கள் பிற்காலத்தில் மலிவாகக் கிடைத்ததற்குக் காரணம் தயாரிப்பாளரின் தாராளம் அன்று. 1917இன் ஸ்மித்–ஹியூஸ் சட்டம் அமெரிக்கப் பள்ளிகளில் தொழிற்கல்விக்குக் கூட்டரசின் நிதியைத் திறந்துவிட்டது. ஆயிரக்கணக்கான உயர்நிலைப் பள்ளிகளின் மரவேலை வகுப்பறைகளில் ஆலிவரும் பவர்மேட்டிக்கும் டெல்டாவும் குடியேறின. 1980களிலிருந்து கல்லூரிக் கல்வியே இலக்கு என்ற கொள்கை வலுத்தது. அவ்வகுப்பறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இயந்திரங்கள் ஏலத்துக்கு வந்தன. அதே காலத்தில் மேசை நாற்காலித் தொழில் வடக்கிலிருந்து தெற்குக்கும், அங்கிருந்து ஆசியாவுக்கும் பெயர்ந்தது. ஆலைகளின் இயந்திரங்களும் ஏலத்துக்கு வந்தன. செப்பனிடுவோருக்கு வாய்த்த பொற்காலம் வேறொருவர் வகுப்பறையும் வேறொருவர் வேலையும் மறைந்த காலம். மூடிய பள்ளிகளின் இயந்திரங்கள் தீர்ந்துகொண்டிருப்பதால் அந்த மலிவும் தீர்ந்துகொண்டிருக்கிறது.

புதியவை எங்கிருந்து வந்தன? 1970களிலும் 80களிலும் தைவானின் தைச்சுங் வட்டாரத்து வார்ப்படச் சாலைகள் உலகுக்கு மரவேலை இயந்திரங்களை வார்க்கத் தொடங்கின. 1983இல் வாஷிங்டன் மாநிலத்தின் பெல்லிங்ஹாமில் தொடங்கிய கிரிஸ்லி நிறுவனம் அவற்றை அஞ்சல்வழிப் பட்டியல் மூலம் நேரே வீடுகளுக்கு விற்றது. இந்தப் ‘புதிய’ ரம்பங்களில் பல, உள்ளுறுப்புகள் வரை, 1939இன் யூனிசாவின் நகல்களே. நகலெடுத்தவர் இறுதியில் மூலத்தையே வாங்கிக்கொண்டார்: ராக்வெல், பென்டேர், பிளாக் அண்ட் டெக்கர் எனக் கைமாறிய டெல்டா 2011இல் தைவானின் சாங் டைப் நிறுவனத்திடம் சேர்ந்தது. பழையதா புதியதா என்ற கேள்வியை அமெரிக்கமா ஆசியமா என்ற கேள்வியாக மாற்றிப் பேசுவோருக்கு இந்த வரலாறு சங்கடமானது.

உண்மையான முறிவு 1999இல் நிகழ்ந்தது. இயற்பியல் முனைவரும் காப்புரிமை வழக்கறிஞருமான ஸ்டீபன் காஸ், ரம்பத்தின்மீது சிறிய மின்குறி ஒன்றைச் செலுத்தி, மனித உடல் பட்டவுடன் அக்குறி மாறுவதை உணரும் அமைப்பை உருவாக்கினார். குறி மாறிய சுமார் 5 மில்லி நொடியில் அலுமினியக் கட்டை ஒன்று பற்களுக்குள் பாய்ந்து ரம்பத்தை நிறுத்துகிறது. விரலுக்குக் கீறல் மட்டுமே. பெரிய நிறுவனங்கள் உரிமம் வாங்க முன்வராததால் அவரே ‘சாஸ்டாப்’ நிறுவனத்தைத் தொடங்கினார். முதல் ரம்பங்கள் 2004இல் விற்பனைக்கு வந்தன. அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் மதிப்பீட்டில் அந்நாட்டில் மட்டும் மேசை ரம்பத்தில் கைபட்டு மருத்துவம் பெறுவோர் ஆண்டுக்கு 30,000 பேருக்கு மேல். உறுப்பிழப்போர் சுமார் 4,000 பேர். எந்த வார்ப்பிரும்பின் நேர்த்தியும் இந்த எண்களுக்கு விடை ஆகாது. பழைய கடைசல் இயந்திரத்துக்கும், பழைய பட்டை ரம்பத்துக்கும், துளையிடும் இயந்திரத்துக்கும் ஆதரவாக வாதிடலாம். மேசை ரம்பத்துக்கு மட்டும் அந்த வாதம் நொண்டுகிறது.

இந்தியாவில் இக்கேள்வி அப்படியே பொருந்துவதில்லை. நம் தச்சருக்குப் பட்டறை என்பது பெரும்பாலும் வேலை கொடுத்தவரின் வீட்டு வாசல். மரம் அறுவை ஆலையில் அளவுக்கு அறுபட்டு வரும். இழைப்புளியும் உளியும் பையில் வரும். கனமான இயந்திரம் ரயில்வேப் பணிமனை, துப்பாக்கித் தொழிற்சாலை, கப்பல்தளம் போன்ற அரசு நிறுவனங்களுக்கும் பெரிய ஆலைகளுக்கும் உரியதாக இருந்தது. அவற்றுள் பல பிரிட்டனில் வார்த்தவை. அவை இங்கே நிலைத்ததற்கு ஓர் எளிய காரணம் உண்டு: இரு நாடுகளின் மின்னோட்டமும் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்க இயந்திரத்தின் மோட்டாருக்கு 60 ஹெர்ட்ஸ் வேண்டும். நிமிடத்துக்கு 1725 சுற்று சுழல வேண்டியது இங்கே 1440 அளவில் சுழலும். கப்பியை மாற்றிச் சரிசெய்யலாம். மோட்டார் சூடேறுவதை அப்படிச் சரிசெய்ய முடியாது. லெஸ்டர் இயந்திரத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அதன் விட்வொர்த் மரைகொண்ட போல்ட்டுகள்கூட, நாடு மெட்ரிக் முறைக்கு மாறி அறுபதாண்டுகள் கடந்த பின்னும், நம் இரும்புக் கடைகளில் கிடைக்கின்றன. மூன்று முனை மின்சாரம் இல்லாத வீட்டில் அந்த மோட்டாரை ஓட்டும் மின்மாற்றுக் கருவியும் இப்போது எட்டாத விலையில் இல்லை.

விதிகளும் லெஸ்டரின் காலத்திலிருந்தே வந்தன. 1948இன் தொழிற்சாலைச் சட்டத்தின் கீழ் மாநிலங்கள் வகுத்த விதிகளில் உருளைத் தண்டும் பிளவுத் தகடும் பிரிட்டனின் 1922 விதிகளின் சாயலிலேயே இடம்பெற்றன. ஆனால் அச்சட்டம் மின்விசையுடன் 10 பேர் வேலை செய்யும் இடத்தையே தொழிற்சாலை என்றது. மூன்று பேர் வேலை செய்யும் பட்டறையும், ஒருவர் நிற்கும் வீட்டுக் கொட்டகையும் அதன் எல்லைக்கு வெளியே நின்றன. இன்று பெருநகரங்களின் அடுக்குமாடிக் கட்டுமானங்களில் கண்கூடாகக் காணும் காட்சி ஒன்று உண்டு. கல் அறுக்கும் கையடக்க ‘மார்பிள் கட்டர்’ ஒட்டுப்பலகையின் அடியில் தலைகீழாகப் பூட்டப்பட்டு, காவல் கழற்றப்பட்டு, பல்வைத்த மர ரம்பத் தகட்டோடு மேசை ரம்பமாகச் சுழல்கிறது. அந்தக் கருவி புத்தம் புதியது. 1922இன் ஆய்வாளர் ஒருவர் பார்த்திருந்தால் அதை அக்கணமே நிறுத்தச் சொல்லியிருப்பார். அதன்முன் நிற்கும் தச்சரின் விரல்கள் அவருடைய ஒரே முதலீடு. பழையதா புதியதா என்று எண்ணிப்பார்க்கும் வசதி அவருக்குக் கிடைப்பதில்லை.

விருப்பப் பணியாளருக்கு அந்த வசதி உண்டு. அவர் தேடிப்போகும் இடம் பழைய இரும்பு வணிகம். தமிழில் அதற்குக் காயலான்கடை என்று பெயர். காயல்பட்டினத்து வணிகரோடு இணைத்து அச்சொல்லை விளக்குவது வழக்கம். குஜராத்தின் ஆலங்கில் 1983 முதல் உடைபடும் கப்பல்களின் பட்டறைகளிலிருந்து லேத்துகளும் துளையிடும் இயந்திரங்களும் மோட்டார்களும் சாலையோரக் கடைகளுக்கு வந்து நிற்கின்றன. பார்க்க வேண்டியவை சில. வார்ப்பில் விரிசல் இருந்தால், விலை என்னவாயினும் விட்டுவிட வேண்டும். வார்ப்பிரும்பை ஒட்டவைப்பது எளிதன்று. துரு அஞ்சத் தக்கதன்று: சலவைச் சோடா கரைத்த நீரில் இயந்திரப் பகுதியை எதிர்முனையாகவும் சாதாரண இரும்புத் துண்டை நேர்முனையாகவும் வைத்து மின்னோட்டம் செலுத்தினால் இரவு முடிவதற்குள் துரு பெரும்பாலும் கழன்றுவிடும். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகு ஆகாது. அது நச்சுக் குரோமியத்தை நீரில் கலக்கும். வெளியேறும் ஹைட்ரஜனுக்காகக் கதவைத் திறந்துவைக்க வேண்டும். பழைய வண்ணப்பூச்சில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதை உலர்வாகச் சுரண்டக் கூடாது. குழந்தைகள் புழங்கும் வீட்டில் இது சிறு செய்தி அன்று.

கையால் இழைக்கும் இயந்திரம் கண்ணில் பட்டால், முதலில் மேசையின் நடுவே குனிந்து கத்தித் தண்டைப் பார்க்க வேண்டும். அது வட்டமாக இருந்தால் விலை பேசலாம். சதுரமாக இருந்தால், அது எவ்வளவு புகழ்பெற்ற பட்டறையில் வார்த்ததாயினும், தராசில் ஏறி எடைக்கு எடை உலைக்குப் போக வேண்டியதுதான்.